போன பெட்டி திரும்பி வருமா?

“ஓரிக்கைக்கு எதுக்குடி ஐஸ் வச்ச டெலிவரி? கூப்பிடு தூரத்துல காஞ்சிபுரம் இருக்கே!”

சென்னையில் இருக்கும் அத்தை மகன் போனில் கேட்டது இது. அவனுக்கு ஓரிக்கை என்றால் மகா பெரியவர் மணிமண்டபம். வந்து கும்பிட்டுவிட்டு, அப்படியே டவுனில் பட்டுப்புடவை பார்த்துவிட்டு வண்டி ஏறுகிற ஊர். இங்கே மனுஷர்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கும் சர்க்கரை வியாதி வரும், பிள்ளைகள் பீட்சாவில் போடுகிற சீஸ் கேட்கும், மழை நாளில் இறால் தின்ன ஆசை வரும் என்பதெல்லாம் அவன் கணக்கில் கிடையாது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள். எங்களுக்கு ஆன்லைனில் கேட்டது வந்துவிடுகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போகப் போக, பின்கோடு போட்டால் ‘இப்பகுதிக்குச் சேவை இல்லை’ என்று வரும். அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் எங்கள் தெரு முகவரியைக் கொடுத்து ஆர்டர் போடுவார்கள். பொருள் வந்ததும் போன் பண்ணவேண்டும். யாராவது டவுனுக்கு வருகிறபோது எடுத்துப் போவார்கள். அதுவரை எங்கள் ஃப்ரிட்ஜ்தான் அந்த ஊர்களுக்குக் குளிர்பதனக் கிடங்கு.

நான் சொல்லவந்தது அப்பாவின் இன்சுலின் பற்றி. வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் இருப்பு இல்லை என்றதால் ஒரு ஆப்பில் போட்டேன். (பேர் வேண்டாம். எல்லோரும் ஏறக்குறைய இதே மாதிரிதான் அனுப்புகிறார்கள்.) வந்தது ஒரு அட்டைப்பெட்டி. பிரித்தால் உள்ளே தெர்மாகோல் பெட்டி, மூடியைச் சுற்றி டேப். அதைக் கிழித்தால் குமிழி பிளாஸ்டிக். அதற்குள் அரை அரைக் கிலோவில் இரண்டு ஜெல் பேக். இரண்டுக்கும் நடுவில் ஜிப் போட்ட கவர், கவருக்குள் உள்ளங்கை அளவில் மருந்து. தெர்மாகோலை மட்டும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், கால் கிலோ காட்டியது. மருந்து அட்டையோடு சேர்த்தே ஐம்பது கிராமைத் தாண்டவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஜெல் பேக் இரண்டும் கருங்கல் மாதிரி உறைந்திருந்தன, மருந்தட்டை அவற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தது. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். உறைந்துபோனால் அதோடு சரி, இளக வைத்துப் போட்டுக்கொள்ள முடியாது. வெயிலில் கெட்டுப்போகக் கூடாது என்று இவ்வளவு ஏற்பாடு செய்தவர்கள், குளிரிலும் கெடும் என்பதை விட்டுவிட்டார்கள். மருந்தைத் திருப்பி அனுப்பினேன். பெட்டியையும் ஜெல் பேக்கையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வந்த தம்பி தலையைச் சொறிந்தான்.

“அக்கா, மருந்து மட்டும்தான் ரிட்டன். பெட்டி எடுக்கறதுக்கு ஆப்ல ஆப்ஷனே இல்லக்கா. நான் கொண்டுபோனா ஹப்புல வாங்கமாட்டாங்க, நானே வழியில எங்கனா போடணும்.”

அவன் சொன்னது நியாயம்தான்.

இந்த விஷயத்தை எங்கள் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னபோது சிரித்தார். புதன்கிழமை தோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர். அந்த நீலப் பெட்டியைப் பார்க்காத தமிழ்நாட்டுத் தாய்மார் யாரும் இருக்க முடியாது. உள்ளே நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பேக், நடுவில் மருந்துக் குப்பிகள். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் அவர்கள் பெட்டிக்குள் வைப்பதில்லை. வெளியே மேசைமேல் வரிசையாக அடுக்கிவைத்து, மேலே வேர்வை மாதிரி தண்ணீர் முத்து முத்தாக வரும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே சளக் சளக்கென்று தண்ணீர் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். ஐஸும் தண்ணீரும் கலந்திருந்தால் அது பூஜ்ஜியம் டிகிரியைவிட்டுக் கீழே போகாது, மருந்தும் உறையாது. பென்டாவேலன்ட், டி.டி. மாதிரி ஊசிகள் உறைந்தால் வீண். தெர்மாமீட்டர் கையில் இல்லாவிட்டாலும் காதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

“சிஸ்டர், சாயந்தரம் இந்தப் பெட்டி என்ன ஆகும்?” என்றேன்.

“என்னம்மா கேள்வி இது? பி.எச்.சி.க்குத்தான் போகும். தொடச்சு, காயவச்சு, ஐஸ் பேக்க மறுபடி ஃப்ரீசர்ல போடணும். பெட்டி இல்லாம அடுத்த புதன்கிழமை எப்படி வர்றது?”

அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் என்று இந்தியா தொடங்கியது 1985-ல். அன்றிலிருந்து சந்து பொந்தெல்லாம் குளிர்ச்சி கெடாமல் மருந்து கொண்டுபோகிற இந்த ஏற்பாட்டில், ‘தூக்கிப்போடும் பெட்டி’ என்ற பேச்சே எழவில்லை. சுற்றுச்சூழல் பற்று என்று யாரும் அதற்குப் பேர் வைக்கவில்லை. அரசாங்கத்தில் தினம் ஒரு பெட்டி வாங்கக் காசு இல்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரிக்கைக்கு ஒரு குளிர்ப் பொருள் வந்து சேர்வதில் எது அதிகப் புகை என்று. ஐஸா, வண்டியா, பெட்டியா?

முதலில் ஐஸ். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் எடுக்கவேண்டுமோ அவ்வளவு. மனிதன் இதுவரை கண்ட குளிர்ப் பொருள்களில் இத்தனை மலிவாக இத்தனை வேலை செய்வது வேறு இல்லை. என் ஜெல் பேக் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கிலோ தண்ணீரை உறைய வைக்க, வீணாவதையும் சேர்த்து, கால் யூனிட் மின்சாரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கரியமில வாயு. ஆக, ஐஸின் பங்கு 200 கிராமுக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது வண்டி. டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வந்து ஐந்து கிலோமீட்டர் திரும்பினால் பத்து. லிட்டருக்கு ஐம்பது கொடுக்கிற பைக் என்றால் 200 மில்லி பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. ஆக 460 கிராம். எனக்காக மட்டுமே அந்தத் தம்பி வந்திருந்தால் இந்தக் கணக்கு. இருபது வீட்டுக்குச் சேர்த்து வந்திருந்தால் என் பங்கு 25 கிராம்கூட இல்லை.

கடைசியாகப் பெட்டி. பாலிஸ்டைரீன் ஒரு கிலோ தயாரிக்க ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு. என் கால் கிலோ பெட்டிக்கு 750 கிராம். ஜெல் பேக் உறை, குமிழி பிளாஸ்டிக், அட்டை எல்லாம் இதில் சேரவில்லை.

கணக்கு துல்லியம் என்று சண்டைக்கு வராதீர்கள். முன்னே பின்னே இருக்கட்டும். ஆனால் வரிசை மாறாது. குளிர்விக்க ஆன செலவைவிட, ஒற்றை ஆளுக்காக வண்டி ஓடிய செலவு அதிகம். அதைவிட, ஒரே தடவை பயன்பட்டுப் பரணுக்குப் போன பெட்டியின் செலவு அதிகம். குளிர்பதன டெலிவரியைப் ‘பசுமை’ ஆக்கப்போகிறோம் என்று வரும் விளம்பரங்கள் எல்லாம் மின்சார வண்டியின் படத்தைத்தான் போடுகின்றன. டாடா ஏஸ் மின்வண்டி 2022-ல் வந்துவிட்டது, மின் ஆட்டோக்கள் டவுனில் சத்தமில்லாமல் ஓடுகின்றன, நல்லதுதான். நாளைக்கே எல்லா வண்டியும் கரன்டில் ஓடினாலும் என் பரணில் தெர்மாகோல் ஏறுவது நிற்காது.

தெர்மாகோல் என்றதும் உங்களுக்கு வைகை அணை நினைவு வந்திருக்கும். 2017-ல் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அணையில் விரித்து, காற்றில் அது கரை ஒதுங்கியதைப் பார்த்து ஊரே சிரித்தது. எங்கள் ஊரில் தினமும் அது நடக்கிறது, கேமரா மட்டும் வருவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தெர்மாகோல் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. பொருளைப் பொதிந்து வருகிற பெட்டி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. நூற்றுக்கு 98 பங்கு காற்று என்பதால் காயலான் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். லோடு ஏற்றினால் வண்டி நிறையும், எடை நிறையாது. ஆகவே குப்பையோடு சேர்த்துக் கொளுத்துகிறார்கள். கரும்புகை, மூக்கைத் துளைக்கிற நாற்றம். கொளுத்தாதது மணிமணியாக உதிர்ந்து பாலாற்று மணலில் கிடக்கிறது, வெள்ளம் வருகிற வருஷம் கடலுக்குப் போகும்.

இதே தெர்மாகோல் பெட்டியை எங்கள் தெருவுக்கு வரும் மீன்கார அண்ணன் வைத்திருப்பதைப் பாருங்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்சீட்டில் பிளாஸ்டிக் கிரேட், கிரேட்டுக்குள் தெர்மாகோல் பெட்டி, பெட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு, எல்லாவற்றையும் இழுத்துக் கட்ட சைக்கிள் டியூப் வார். மூலை உடைந்த இடத்தில் பழுப்பு டேப், அதற்குமேல் இன்னொரு டேப். அடியில் ஓட்டை போட்டு ஒரு சின்னக் குழாய் செருகியிருக்கிறார், ஐஸ் தண்ணீர் மீனை ஊறவைக்காமல் வடிந்துபோக. பெட்டியைத் திறக்கும்போதும் முழு மூடியையும் எடுக்கமாட்டார். கை நுழையும் அளவுக்குச் சாய்த்து, கேட்ட மீனை மட்டும் உருவி, உடனே மூடிவிடுவார். ஐஸ் கம்பெனியில் வாங்கின உடைத்த ஐஸ் அவருக்குப் பகல் ஒரு மணி வரை தாங்கவேண்டும்.

“அண்ணே, இந்தப் பெட்டி எத்தன நாளா இருக்கு?”

“பெட்டியா? பாப்பா அஞ்சாவது படிக்கறப்போ வாங்கினது. இப்ப அவ காலேஜ் போறா.”

கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இருந்தாலும், என் கணக்கில் 750 கிராமாக நின்ற பெட்டி அவர் கையில் ஒன்றுமில்லாமல் கரைந்துபோயிருக்கும். பொருள் அதேதான், திரும்பிப் போகிற இடம் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். அவரும் ஒரே ஓட்டத்தில் நாலு தெருவை முடிக்கிறார். ‘பத்து நிமிஷத்தில் வந்து நிற்பேன்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் ஹார்ன் கேட்கும், வேண்டுமானால் பாத்திரத்தோடு வாசலுக்கு வா.

ஆவின் பாலும் இப்படித்தான். மாட்டின் மடியிலிருந்து வருகிறபோது பால் உடம்புச் சூட்டில் இருக்கும். சங்கத்தில் குளிரூட்டும் தொட்டிக்குப் போய் நான்கு டிகிரிக்கு இறங்கி, பாக்கெட்டாகி, டப்பில் அடுக்கி, விடிவதற்குள் ஏஜென்ட் வீட்டு வாசலில் இறங்குகிறது. எங்கள் பக்கம் நான் பார்த்த பால் வண்டிகளில் குளிரூட்டும் எந்திரம் எதுவும் கிடையாது. சூரியன் வருவதற்குள் வேலையை முடித்துவிடுகிறார்கள், அதுதான் குளிர்ச்சி. பால் அட்டை வைத்திருப்பவர் மாதத்துக்கு முன்பணம் கட்டிவிடுவதால் நாளைக்கு எத்தனை பாக்கெட் என்பது இன்றே தெரியும். காலி டப் அதே வண்டியில் திரும்பும். இந்த மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு பெரிய பெரிய நிறுவனங்கள் இப்போது ‘காலை ஸ்லாட்’, ‘சந்தா’, ‘ரிட்டர்னபிள் கிரேட்’ என்று புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி அறிக்கை விடுகின்றன. பால்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

இவ்வளவு சொன்னதால் தொழில்நுட்பமே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்கவேண்டாம். ஐஸ் மட்டும் எல்லாவற்றுக்கும் போதாது. ஐஸ்கிரீமுக்குப் பூஜ்ஜியம் டிகிரி சூடு. அதற்குத்தான் சிவப்புத் துணி சுற்றின பானையோடு வந்த குல்ஃபிக்காரர் ஐஸில் கல்லுப்பு போட்டார். உப்பு நூற்றுக்கு 23 பங்கு சேர்ந்தால் அந்தக் கலவை −21 டிகிரி வரை இறங்கும். அவர் பானையில் செய்ததை இன்று தகட்டுக்குள் அடைத்து ஐஸ்கிரீம் வண்டியின் சுவரில் பதிக்கிறார்கள். யூடெக்டிக் தகடு என்று பேர். ராத்திரி வண்டியை நிறுத்திப் பிளக்கில் மாட்டினால் தகட்டுக்குள் இருக்கும் உப்புக்கரைசல் உறையும், பகல் முழுக்க டீசல் எந்திரம் ஓடாமலே பெட்டி குளிரும். 1970-ல் ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் தொடங்கின அருண் ஐஸ்கிரீம் தள்ளுவண்டியில் விற்றுத்தான் வளர்ந்தது. சின்ன ஊர்களுக்குக் குளிர்ச்சியைக் கொண்டுபோவது எப்படி என்பதைத் தமிழ்நாடு ஐம்பது வருஷமாகப் பழகிக்கொண்டிருக்கிறது.

அதற்கும் முன்னால் சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் டியூடர் 1833-ல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் ஏரி ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாசப் பயணத்துக்குப் பிறகு 100 டன் மிஞ்சியது. மரத்தூள்தான் காப்பு. 1842-ல் சென்னையில் அந்த வியாபாரத்துக்காகக் கட்டின கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், பின்னால் விவேகானந்தர் தங்கி, இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஒரு சொட்டு டீசல் இல்லாமல் பூமியின் பாதியைச் சுற்றி ஐஸ் வந்தது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். வெள்ளைக்காரத் துரைமாரின் கோப்பையைக் குளிர்விக்கத்தான் அத்தனை பாடு என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

இப்போது வருவது ஃபேஸ் சேஞ்ச் மெட்டீரியல், சுருக்கமாகப் பி.சி.எம். ஐஸ் பூஜ்ஜியத்தில் உருகும், இது நாம் கேட்கிற டிகிரியில் உருகும். ஐந்து டிகிரியில் உருகுவதைப் பெட்டிச் சுவரில் வைத்தால் இன்சுலின் உறையும் பேச்சே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தவர்கள் தொடங்கின ‘டான்90’ இந்த மாதிரித் தகடுகளையும் பெட்டிகளையும்தான் செய்கிறது. பிராமீதியன் பவர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம், கரன்ட் இருக்கும் நேரத்தில் குளிரைச் சேமித்துவைத்துக் கொண்டு கரன்ட் போனபோது பாலைக் குளிர்விக்கிற எந்திரத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஹட்சன் பால் நிறுவனத்தோடு சேர்ந்து பரிசோதித்தது. பகலில் சூரிய மின்சாரம் கொட்டிக் கிடக்கிற மாநிலம் நம்முடையது. மதியம் தகட்டை உறையவைத்து விடிகாலை டெலிவரிக்கு எடுத்தால், பேட்டரிக்குச் செலவழிக்கிற காசு மிச்சம். ஆனால் இந்தத் தகடு விலை அதிகம். வாடிக்கையாளர் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற பொருளல்ல. ஆகக் கடைசியில், பெட்டி திரும்பி வரவேண்டும் என்ற இடத்துக்கே இதுவும் வந்து நிற்கிறது.

ரீஃபர் என்கிற பெரிய குளிர்பதன லாரி பற்றி ஒரு பத்தி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து வருகிறவை. அவற்றில் புகை ஒரு பக்கம், வாயு ஒரு பக்கம். பல வண்டிகளில் இருக்கும் ஆர்-404ஏ என்கிற குளிர்வாயு ஒரு கிலோ கசிந்தால் 3,922 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நூறு கிராம் கசிவு என் தெர்மாகோல் பெட்டி ஐந்நூறுக்குச் சமம். புரோப்பேன் (ஆர்-290) போட்டால் இந்த எண் 3 பக்கம் இறங்கிவிடும், ஆனால் அது தீப்பிடிக்கும் வாயு, மெக்கானிக்குக்குப் பயிற்சி வேண்டும். ஆர்-404ஏ மாதிரி வாயுக்களைக் குறைக்க 2016-ல் கிகாலியில் போட்ட ஒப்பந்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. 2028-ல் இந்த வாயுக்களின் அளவுக்கு உச்சவரம்பு, 2032-லிருந்து படிப்படியாகக் குறைத்து 2047-ல் 85 சதவீதம் குறைப்பு. அதுவரைக்கும் உருப்படியாகச் செய்யக்கூடியது, வருஷத்துக்கு ஒருதரம் கசிவு பார்ப்பது. நம் ஊரில் ‘கேஸ் குறைஞ்சிடுச்சு, டாப்-அப் பண்ணிடலாம்’ என்கிற மெக்கானிக்கிடம் ‘எங்கே போச்சு?’ என்று யாரும் கேட்பதில்லை.

உறையவைத்த உணவுக்கு −18 டிகிரி என்று உலகமெங்கும் ஒரு விதி இருக்கிறது. அது ஃபாரன்ஹீட்டில் முழுப் பூஜ்ஜியம். விதியின் கதை அவ்வளவுதான். 2023-ல் துபாய் பருவநிலை மாநாட்டின்போது இதை −15 ஆக்கலாம், வருஷத்துக்கு 1.77 கோடி டன் கரியமில வாயு மிச்சமாகும் என்று ஒரு கூட்டணி கிளம்பியது. எனக்கும் சரி என்றே படுகிறது.

அதைவிட எனக்கு உறுத்துவது, குளிரே வேண்டாததையும் குளிரில் வைத்து அனுப்புவது. வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். தக்காளியைப் பத்து டிகிரிக்குக் கீழே வைத்தால் ருசி செத்துப்போகும். இரண்டும் எனக்கு ஜெல் பேக்கோடு ஒரே பையில் வந்திருக்கின்றன. குளிர்ச்சி இருந்தால் ‘ஃப்ரெஷ்’ என்று வாங்குகிறவர் நம்புகிறார், விற்கிறவரும் அதை வளர்க்கிறார். காஞ்சிபுரத்துக்காரிக்கு இது சிரிப்பாக இருக்காதா? வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு எடுக்கிற ஊர் இது. ஃப்ரிட்ஜ் இல்லாமலே தாங்குகிற பண்டம்.

ஆனால் குளிர் வேண்டிய இடத்தில் அது இல்லை என்பதும் உண்மை. உத்திரமேரூர்ப் பக்கம் விடிகாலையில் பறித்த கத்தரியும் வெண்டையும் கீரையும் ஈரச்சாக்கு போர்த்திக்கொண்டு காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்கு வருகின்றன. வெயில் ஏறிய பிறகு விற்காமல் மிஞ்சிய கீரை மாட்டுக்கு. தேசியக் குளிர்பதனச் சங்கிலி மையம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் நாட்டுக்கு 70,000 சிப்பமிடும் கூடங்கள் வேண்டும், இருந்தவை 249 என்று இருந்தது. ரீஃபர் வண்டிகள் கிட்டத்தட்ட 62,000 தேவை, இருந்தவை பத்தாயிரத்துக்கும் குறைவு. கிடங்குகள் மட்டும் தேவைக்கு அருகில் இருந்தன. நடுவில் குளிர்க் கிடங்கு, இந்தக் கோடியில் ஜெல் பேக், அந்தக் கோடியில் விவசாயியிடம் ஈரச்சாக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் எஃப்.ஏ.ஓ.வும் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, சரியான குளிர்பதனம் இல்லாமல் உலகில் வீணாகும் உணவு 52.6 கோடி டன், மொத்த உற்பத்தியில் 12 சதவீதம். ஆகவே ‘குளிர் டெலிவரியே ஆடம்பரம், நிறுத்து’ என்கிற கட்சியில் நான் சேரமாட்டேன். என் வீட்டுக்கு வருகிற குளிரில் பாதியை வயல்பக்கம் நகர்த்தினால் போதும். டெல்லி பூசா நிறுவனம் சொல்லிக்கொடுத்த, இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே ஈரமணல் நிரப்பின கரன்ட் இல்லாத குளிர்த்தொட்டிகூட கீரைக்கு ஒரு நாள் ஆயுள் கூட்டும். காற்றில் ஈரப்பதம் அதிகமான எங்கள் பக்கத்தில் வடக்கே வேலை செய்கிற அளவுக்குச் செய்யாது, அது வேறு விஷயம்.

சரி, பெட்டியை எப்படித் திரும்ப வரவைப்பது? மக்களுக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கோலி சோடா பாட்டிலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தவர்கள்தான் நாம். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். காட்டில் உடைந்து யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்குத் திரும்பிவிட்டது. அதன்பிறகு வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவருக்கே பத்து ரூபாய்க்காகப் பாட்டில் நினைவு இருக்கிறதென்றால், இன்சுலின் வாங்குகிற எங்களுக்கு ஐம்பது ரூபாய் முன்பணத்துக்காகப் பெட்டி நினைவு இருக்காதா?

சிக்கல் திரும்ப எடுக்கிற வண்டியில் இருக்கிறது. டவுனில் ஒரு தெருவில் முப்பது ஆர்டர் என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு போவது சுலபம். ஓரிக்கையில் இன்று என் வீடு, நாளை மறுநாள் நாலு தெரு தள்ளி இன்னொரு வீடு. காலிப் பெட்டிக்காக ஒருத்தர் வண்டியில் வந்தால் என் கணக்குப்படியே 460 கிராம் எகிறும். ஆகவே வீட்டு வாசல் வரை என்ற பிடிவாதத்தை நாங்கள்தான் விடவேண்டும். எப்படியும் தினமும் விடியலில் பால் வண்டி வந்து போகிற இடம் ஒன்று ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அங்கே பால் டப்போடு ஒரு நல்ல காப்புப்பெட்டி இறங்கட்டும், பால் வாங்கப் போகும்போது நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், பெட்டி அங்கேயே இருக்கும், மறுநாள் காலி டப்போடு திரும்பும். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கும் பால் வண்டி போகிறது. ‘சேவை இல்லை’ என்ற பேச்சும் அதோடு போய்விடும்.

எங்கள் தெருப் பால் ஏஜென்டிடம் இதை ஒரு யோசனையாகச் சொல்லிப் பார்த்தேன். முதலில், “இதுல எனக்கு என்னாம்மா கெடைக்கும்?” என்றார். கமிஷன் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். அடுத்து, “பெட்டிய யார் கழுவறது? மீன் வந்த பெட்டில நாளைக்கி மருந்து வச்சா நாறாதா?” என்றார். இந்தக் கேள்விக்கு இதுவரை எந்த நிறுவனத்தின் பசுமை அறிக்கையிலும் நான் பதில் பார்க்கவில்லை. கழுவ வெந்நீர் வேண்டும், ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். பெட்டி ஒன்றுக்கு இரண்டு ரூபாயோ மூன்று ரூபாயோ ஆகும், அதை யாராவது ஏற்கவேண்டும். நான் தரத் தயார் என்றேன். அவர் டப்புகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

“நீ ஒருத்தி தந்தா ஆவுமா? இந்தத் தெருவுல எத்தன வீட்டுக்கு இப்படி ஐஸ் பொட்டி வருதுன்னு எழுதிக்கினு வா. பத்து வீடு தேறிச்சின்னா எடம் ஒதுக்கறேன்.”

எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை ஏழு வீடு.